கருக்கலுக்குக் காயடித்தவன்

ஒரு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னதும் அவளுக்கு முதலில் நினைவு வந்தது கருக்கல்தான். கணினி விளையாட்டில் அவள் வளர்த்த ஆண் குதிரை. கரும்புகை நிறம், வெள்ளிப் பிடரி. அந்த வெள்ளிக்காக ஐந்து தலைமுறையாகப் பொருத்தம் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தாள். தாய்க்கு ஈனும் வயது கடந்துவிட்டது. தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அந்த வெள்ளி கருக்கல் வழியாகத்தான் இறங்க வேண்டும். அவளைப் போலவே குதிரை வளர்க்கும் சிலர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள், தங்கள் பெண் குதிரைகளைத் தயாராக வைத்துக்கொண்டு அவள் கண் தேறக் காத்திருந்தார்கள்.

கணவனிடம் ஒப்படைத்தாள். தீனி, தண்ணீர், உடம்பு தேய்ப்பு, ஒரு சுற்று ஓட்டம். வேறு எதையும் தொட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது சிவப்பு விளக்கு எரிந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. கருக்கலின் பக்கத்தில் 'குணம்' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தது. வயதுக்கு வந்த ஆண் குதிரைக்கு அது எரியத்தான் செய்யும். அவன் குடைந்து குடைந்து, அதை அணைக்க ஒரு வழி கண்டுபிடித்தான். காயடிக்கும் பொத்தான். உறுதிதானா என்று விளையாட்டு கேட்டது. ஆமாம் என்றான். மறுபடியும் கேட்டது. மறுபடியும் ஆமாம்.

திரையைப் பார்க்கலாம் என்று ஆன அன்று அவனே பெருமையாகக் காட்டினான். "பாரு, எல்லாம் பச்சை. எவ்வளவு சாதுவாயிட்டான்."

அவள் பார்த்தாள். காயடித்ததைத் திரும்ப மாற்ற முடியாது, ஐந்து தலைமுறை வெள்ளி இதோடு முடிந்தது என்றாள். விஷயம் புரிந்ததும் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே என்றான். தேநீருக்கு வந்திருந்த நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இல்லாத குதிரைக்கு இல்லாத சமாச்சாரம் போயிடுச்சு. இதுக்கா அண்ணி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

மறுநாள் அவள் வேலை பார்க்கும் பல் செட் கூடத்தில் மெழுகைச் செதுக்கும்போது கத்தி வழுக்கி ஒரு கடைவாய்ப் பல் வீணானது. குதிரைக்காகவா இவ்வளவு கோபம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமாம், குதிரைக்காகத்தான். அதைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் அடியில் இன்னொன்றும் கொதித்தது. தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னபோது அவன் புது மெத்தை வாங்கிப் போட்டான். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவள் அழுதால் மாத்திரை. அவளிடம் எது எரிந்தாலும் அவனுக்கு அது அணைக்க வேண்டிய விளக்கு. ஒரு தடவையாவது, இது ஏன் எரிகிறது என்று அவளிடம் கேட்டிருக்கலாம். அந்த வாரம் முழுக்கப் பக்கத்து அறையில்தானே படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் தூக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"காத்திட்டிருக்கவங்களுக்கு நீங்களே எழுதுங்க."

"நானா? எனக்கு அவங்களத் தெரியவே தெரியாதே."

"கருக்கலத் தெரிஞ்சுதா?"

அவன் ஒற்றை விரலால் தட்டினான். 'சிறு தவறு நேர்ந்துவிட்டது.' அவள் குனிந்து அழித்தாள். யோசித்துவிட்டு, தொழில்நுட்பக் கோளாறு என்று தட்டினான். அவள் அதையும் அழித்தாள்.

"லிஃப்ட் நின்னா கோளாறு எங்கன்னு எழுதிக் கொடுக்கிறீங்கல்ல? இது எங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரித்துச் சமாளிக்கும் அந்த முகத்தை எடுத்து மாட்டப் பார்த்தான், நிற்கவில்லை. பிறகு மெதுவாக எழுதினான். 'தொடாதே என்று அவள் சொன்னாள். நான் அவளைக் கேட்காமல் காயடித்தேன்.'

"போதுமா?" என்றான்.

"அனுப்புங்க."

அனுப்பினான். அவளுடைய கோபம் இம்மியளவும் இறங்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தவனின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இருங்க. பதில் வரும். அதையும் நீங்களே படிங்க."