கழுவாத பெட்டி

1

இந்தக் கதை ஒரு வாளி சோப்புத் தண்ணீரிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: தாரனாக்கி மலையில் மூடுபனி மெல்ல... (வேண்டாம். இங்கே என்றைக்கு மூடுபனி இல்லை?)

இரண்டாவது தொடக்கம். எங்கள் ஆற்றில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஜோடி நீல வாத்து. வருஷா வருஷம் அதன் குஞ்சுகளை ஸ்டோட் தின்றுவிடுகிறது. (கீரிக்குத் தம்பி மாதிரி இருக்கும். முயலை ஒழிக்க வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள். முயல் சௌக்கியமாக இருக்கிறது.) இந்த வசந்தத்திலும் குஞ்சுகள் தப்பாவிட்டால் ஜோடியைப் பிடித்து வேறு ஆற்றில் விட்டுவிடுவோம் என்று வனத்துறை சொல்லிவிட்டது. இந்தக் கரையில் ஸ்டோட்டுக்குப் பொறி வைக்கும் மெரெயானாவுக்கு அது பொறுக்கவில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளில் அவளுடைய குலத்தின் ஆறு இது. ஆண் வாத்தின் விசில் கேட்காத ஆற்றங்கரையில் அவளால் இருக்க முடியாது.

2

கரை நெடுக மரப்பெட்டிப் பொறிகள், உள்ளே கோழிமுட்டை. மேல்பாதி மெரெயானாவின் பொறுப்பு. கீழ்ப்பாதி, வாத்து கூடு கட்டியிருக்கும் இடம், டூகலுடையது. ஆயுசெல்லாம் பால்பண்ணை நடத்தி ஓய்ந்த வெள்ளைக்காரர். அவள் பெட்டிகளில் ஸ்டோட் விழுந்துகொண்டே இருந்தது. அவருடையதில் ஒன்றுமில்லை.

டூகலை வில்லனாக்கலாமா? அவருக்கு வாத்துகள் மேல் ரகசியமாக ஒரு... (சே. முழங்கால் வலியோடு வாரம் தவறாமல் நடக்கிற மனுஷன்.)

ஒருநாள் மெரெயானா அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். டூகல் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? முட்டை அழுகி ஒரே நாத்தம், போன மாசம் மழைலகூடப் போகல. வாராவாரம் கழுவறேன். என் கறவைக் கொட்டிலை ஒருநாள் அழுக்கா பாத்திருக்கியா நீ?"

"அட மனுஷா, அந்த நாத்தத்துக்குத்தானே ஸ்டோட் வரும். உங்க தாத்தன் கப்பல்ல கொண்டாந்தான், நீங்க குளியல் ரூம் கட்டிக் குடுக்கறீங்க."

"என் தாத்தன் ஆடுதான் கொண்டாந்தான்," என்றார் டூகல். காது சிவந்துவிட்டது.

மெரெயானா தன் பெட்டிகளிலேயே அதிகம் நாறியதைத் தூக்கிவந்து கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சில நாளிலேயே தாட்டியான ஸ்டோட் ஒன்று விழுந்தது. டூகல் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார்.

3

கதை இவ்வளவு சுகமாகப் போனால் யார் மதிப்பார்கள் என்று, கடைசியில் ஒரு குஞ்சைச் சாகடித்தேன். மெரெயானா படித்தாள்.

"இது ஏன் செத்துச்சு?"

"கதைக்குக் கொஞ்சம் கனம் வேணும்ல."

"கனம் வேணும்னா கல்லைத் தூக்கிப் போடு. ஸ்டோட்கிட்டேருந்து காப்பாத்தினது உன் கையால சாகவா?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான்: வனத்துறைக்காரர்கள் காலிக் கூண்டோடு வந்து, காலிக் கூண்டோடு திரும்பிப் போனார்கள். டூகல் அவர்களுக்குக் கையாட்டினார், கொஞ்சம் அதிகமாகவே.

அடுத்த ஸ்டோட் மலையில் எங்கேயோ பிறந்திருக்கும். அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை, உங்களிடம் விடுகிறேன். பெட்டியை மட்டும் கழுவாதீர்கள். குஞ்சுகள் மேல் கை வைத்தால் மெரெயானா தேடி வருவாள். கடைசி வாக்கியத்தை இதோ பாதியில் தருகிறேன்:

இறகு முளைத்த ஐந்து குஞ்சுகளும், அப்பன் விசிலடித்தபடி முன்னால் போக, வெள்ளத்தின் மேலே தாழப் பறந்து,