அண்ணனின் தசைத் துணுக்கு

வெல்டரின் தங்கை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கப் பயந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸை மூன்றாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடியில் இருந்த கண்ணாடித் துண்டில் அவளுடைய அண்ணனின் வலது கைத் தசை, கடுகளவு.

பெரிய படிப்புப் படித்து என்ன பிரயோசனம்? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவன் பைக்கிலிருந்து விழுந்து, கழுத்தடியில் நரம்பு அறுந்து, முழங்கை மடங்காமல் போனது. ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "விலாவிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கைக்கு இணைச்சிடலாம். ஆறு மாசத்துக்குள்ள பண்ணணும்."

குறுக்கே விழுந்து தடுத்தவள் இவள்தான். "கத்தியெல்லாம் வேண்டாம்ணா. எங்க லேப்ல ஸ்டெம் செல் ஊசி வரப்போகுது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களை அந்தச் சோதனையில சேர்க்க மாட்டாங்க. கொஞ்சம் பொறு."

"டாக்டர் சொல்றதைக் கேக்கலாமே" என்று அண்ணி முனகினாள்.

"போடி! என் தங்கச்சி பாட்டில்லயே சதை வளர்க்கிறவ!" என்றான் அவன். பட்டறை முழுக்க இதையே சொல்லித் தம்பட்டம் அடித்தான்.

ஊசிக்கு அனுமதி வர வேண்டுமே! கோப்பு மேஜை மேஜையாக ஆற அமர நடந்தது. ஒருவர் லீவு, ஒருவர் மாற்றல், இன்னொருவருக்கு மூன்றாம் பக்கத்தில் சந்தேகம். தசைக்குத் தெரியுமா இந்தக் கையெழுத்துச் சங்கதியெல்லாம்? வாரம் தவறாமல் அவள் நாடாவைச் சுற்றி அந்தக் கையை அளந்தாள். அளவு குறைந்துகொண்டே வந்தது. அவன் கேட்டால், "பரவாயில்லண்ணா, அப்படியேதான் இருக்கு" என்பாள்.

ஒருவழியாக அனுமதி வந்தது. அடிபட்டு ஒரு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஊசி என்ற விதியும் கூடவே வந்தது. ஊசி ஆய்வை நடத்தும் டாக்டரம்மா நல்லவர். "துணுக்கு எடுத்துப் பார்ப்போம். தசை உயிரோட இருந்தா நான் வாதாடி வாங்கித் தரேன்" என்றார்.

கண்ணை வைத்தாள். நார் நாராகத் தசை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளுத்துப்போய்க் கொழுப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாய் நாலைந்து நார்கள், அவையும் சூம்பிக் கிடந்தன. பாவி மனசு கேட்கவில்லை, நகர்த்தி நகர்த்தித் தேடினாள். ஊசி போட இடமே இல்லை.

வெளியே பெஞ்சில் அண்ணன், வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தசை போயிடுச்சுண்ணா. எல்லாம் கொழுப்பா மாறிடுச்சு."

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அம்மா எப்பவும் திட்டும். சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஊசி?"

"போட்டாலும் இனிமே வேலை செய்யாதுண்ணா."

"அந்த ஆபரேஷன்?"

"அதுக்கும் நேரம் தாண்டிடுச்சு."

அவன் தாடையைச் சொறிந்துகொண்டான். மெதுவாகக் கேட்டான். "அப்பவே பண்ணியிருந்தா கை மடங்கியிருக்குமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தாள். ஆனாலும் அவனிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மடங்கியிருக்கும்ணா. பெரும்பாலும் மடங்கியிருக்கும்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல பாப்பா" என்றான்.