கராஜுக்காக ஓடிய கால் மைல்

எங்கள் குடும்ப ஆல்பத்தில் பிள்ளைகளின் படங்கள் ஒன்பது. 1957 மாடல் கார் ஒன்றின் படங்கள் நூற்றுப் பன்னிரண்டு. 'வின்டேஜ் டிராக் ரேஸ் கார்' என்பார் அப்பா. அம்மா 'அது' என்பாள்.

டிராக் ரேஸ் பெரிய வித்தை அல்ல. நேர் ரோடு, கால் மைல், இரண்டு கார். விளக்கு பச்சையானதும் மிதிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே கோட்டைத் தாண்டினால் சிவப்பு எரியும், தோல்வி. பார்சிப்பனி ஊரில் இன்ஜினியரான என் அப்பா கிருபைராஜுக்கு, நியூஜெர்சியில் ஹைவே எக்ஸிட்டைத் தவறவிட வழியில்லாத ஒரே ரோடு அதுதான்.

மூன்று குளிர்காலமாக அந்தக் கார் கராஜுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கியது. நர்ஸ் வேலைக்குப் போகும் அம்மாவின் கார் வெளியே பனியில் நின்றது. 1986 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, அம்மா முக்கால் மணி நேரம் பனியை வாரித் தள்ளித் தோண்டி எடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் கார். அன்றைக்கே பேசிவிட்டாள்.

"ஒரே ஒரு ரேஸ் ஓட்டுங்க. ஜெயிச்சா அது உள்ளயே இருக்கட்டும், அதப் பத்தி நான் வாயே திறக்கல. தோத்தா வித்துடணும். கராஜ் எனக்கு."

பந்தயம் கட்டுவது பாவம் என்பதால், இதற்குக் குடும்பத் தீர்மானம் என்று பெயர் வைத்தார்கள்.

ஜூனில் தெற்கு ஜெர்சியில் ரேஸ். எதிராளி தாடி வைத்த ஒரு பிளம்பர். அவருடைய காருக்கும் எங்கள் காரின் வயசுதான். என்ன, அது ஓடும். அப்பா ஹெல்மெட்டை மாட்டும்போது அம்மா வேலியோரமாக வந்து கேட்டாள்.

"ஏங்க, ஜெபம் பண்ணீங்களா?"

எங்கள் வீட்டில் பால் வாங்கப் போனாலும் ஜெபம் பண்ணாமல் கார் நகராது. அப்பாவுக்குச் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. அமெரிக்க ஜனாதிபதியில் தொடங்கி, சொந்த ஊரான நாசரேத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, கடைசியில்தான் டயர்.

"மாம், தட்ஸ் சோ மீன்," என்றாள் தங்கை எலிசா.

"ஏண்டி, ஜெபம் பண்ணச் சொல்றது ஒரு குத்தமா?"

அப்பா காரைக் கோட்டில் நிறுத்தினார். கண்ணை மூடி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். பிளம்பர் எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக ரேஸ் ஓட்டுபவராம்; கோட்டில் வந்து படுத்துக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தாராம். மாரடைப்போ என்று பார்த்துக்கொண்டே இருந்தவரின் கால் தானாக அழுந்திவிட்டது. மஞ்சள் விளக்கிலேயே அவர் கார் பாய்ந்தது. அவர் பக்கம் சிவப்பு எரிந்தது.

எங்கள் பக்கம் பச்சை. அப்பா அசையவில்லை.

"இப்ப உங்க பெரியத்தை வந்திருப்பாங்க," என்றாள் அம்மா, அவர் தோளை வைத்தே கணித்து. முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"அம்மா, அந்தாளு ஃபவுல். அப்பா ஜெயிச்ச மாதிரிதான்," என்றேன் நான்.

"வண்டியே எடுக்கலியேடா."

"எடுத்தா போதும்."

அம்மா பச்சை விளக்கைப் பார்த்தாள். "பெரியத்தைக்கு அஞ்சு பிள்ளைங்க," என்றாள், நம்பிக்கையை விடாமல்.

ஐந்தும் முடிந்தன. அப்பா ஆமென் சொல்லி, இருபுறமும் பார்த்து, ஸ்கூல் பஸ் வேகத்தில் கால் மைலைக் கடந்து, கோப்பையை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறன்று சர்ச்சில் இருபது நிமிஷம் சாட்சி சொன்னார். பாஸ்டர் சுந்தர்சிங் அல்லேலூயா போட்டார். கர்த்தரே ஜெயிக்க வைத்த காரை இனி விற்பது அவிசுவாசம்.

அடுத்து அம்மா எழுந்தாள்.

"அந்தக் காரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல பாஸ்டர். எங்க வீட்ல இன்னொரு கராஜ் கட்டணும்னு மனசுல ஒரு பாரம். வர்ற குளிர்காலத்துக்குள்ள, என் வீட்டுக்காரர் கையாலயே. எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

பாஸ்டர் சபையை எழுந்து நிற்கச் சொன்னார். நூற்றைம்பது பேர் உருக்கமாக ஜெபித்தார்கள். பெரிய சத்தத்தில் ஆமென் விழுந்தது. அப்பாவும் சொன்னார். வேறு வழியில்லை, முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.