எட்டுச் சட்டை

தீம் பார்க்குக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவள் பூங்குழலி. அம்மாவின் வருஷத் திவசம் முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பிய வாரத்தில், திருப்பூரிலிருந்து அக்கா மணிமொழிக்குப் போன் செய்தாள். எப்படியும் செங்கல்பட்டுப் பக்கம் போகத்தான் போகிறோம், பார்க் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், ஒரு நாள் முழுக்கத் தம்பியைச் சந்தோஷமாக வைத்திருந்துவிட்டு மறுநாள் காலையில் ‘அங்கே’ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள்.

‘அங்கே’ என்பது ஓர் இல்லம். தம்பி அறிவரசனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். அண்ணன் மணிவண்ணன்தான் விசாரித்து இடம் கேட்டு வைத்திருந்தான். அந்த இடத்தின் பெயரை மட்டும் மூன்று பேரில் யாரும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

அறிவரசன் கடைக்குட்டி. வயது முப்பத்து நான்கு. சிறுபிள்ளையில் வந்த வலிப்பு அவன் பேச்சையும் இடது காலையும் மந்தமாக்கிவிட்டுப் போயிருந்தது. இன்னமும் எப்போதாவது வரும். மற்றபடி தெருவிலுள்ள பால் கேன்களையெல்லாம் காலையில் சொசைட்டிக்குத் தூக்கிப்போவது அவன்தான். எந்த வீட்டு மாடு சினை, எந்த மாடு உதைக்கும் என்று கேட்டால் சொல்வான். அம்மா ஆண்டாயி இருந்தவரை அவனை யார் வைத்துக்கொள்வது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா போன பதினாறாம் நாளே அண்ணி தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். மணிமொழிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இவளால் சொல்ல முடிகிறதே என்று பொறாமையாகத்தான் இருந்தது. மணிமொழி தன் கணவரைப் பெரம்பலூரில் விட்டுவிட்டு, திருமானூருக்குப் பக்கத்தில் இருந்த இந்த ஊருக்கு வந்து, அம்மா வீட்டில் தம்பியோடு ஒரு வருஷம் இருந்துவிட்டாள். இப்போது மகள் புவனேஸ்வரிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெரம்பலூருக்குத்தான் வருவாள். அங்கே இருப்பது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். பச்சைக்குழந்தை இருக்கும் அந்த அறையில் அறிவரசன் எங்கே படுப்பான் என்று பல நாள் மனதுக்குள் பாய் விரித்துப் பார்த்தாள். விரிக்க இடம் கிடைக்கவில்லை.

ஆகவே அவளும் சரி என்றாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததை அவளால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் பார்க்கைப் பற்றித்தான். நான்கு பேரும் தீம் பார்க் எதையும் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஏறியதெல்லாம் திருவிழாவுக்கு வரும் கைராட்டினம். பூங்குழலி தினமும் ஏதாவது வீடியோ அனுப்பினாள். தண்ணீரில் ஆடுவதற்குப் பருத்தித் துணி போட்டால் விடமாட்டார்களாம், நைலான்தான் வேண்டுமாம். சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது, அவனுடைய மாத்திரைக்கு மட்டும் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். வலிப்பு உள்ளவர்களை எதில் ஏற்றக் கூடாது, எதில் ஏற்றலாம் என்றுகூடக் கேட்டு வைத்திருந்தாள். இந்த அக்கறை உண்மையானது என்பதில் மணிமொழிக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் அவளை வதைத்தது. பொய்யாக இருந்திருந்தால் யாரையாவது வெறுத்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வீடியோ காலில் பேசினார்கள். தான் எதிலும் ஏறப்போவதில்லை, கீழே நின்று பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான் மணிவண்ணன்.

“கெணத்த எட்டிப் பாக்கவே பயப்படுற ஆளு,” என்றாள் பூங்குழலி. “அண்ணனுக்குன்னு பச்சப்புள்ளைங்க போற ரயிலு ஒண்ணு இருக்கு. அதுல உக்கார வச்சு கையில ஒரு பலூனக் குடுத்துருவோம்.”

“ஆமாண்டி, நீதான் ஏரோப்ளேன் ஓட்டுனவ. பஸ்ஸுல ஏறுனா திருச்சி தாண்டறதுக்குள்ள ரெண்டு கவர் வாந்தி எடுப்ப.”

அறிவரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, அவன் வழக்கப்படி, சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் யோசித்தான். ராட்டினங்களை அவன் எல்லாரையும்விடக் கவனமாகப் பார்த்து வைத்திருந்தான்.

“எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு பேராத்தான் உக்காரணும். நானும் அக்காவும். அண்ணனும் சின்னக்காவும்,” என்றான். “வேன்ல திரும்பி வரப்பயும் அப்புடியே உக்காருவோம்.”

திரையில் இரண்டு முகங்களும் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று மணிமொழி நினைத்தாள். போகவில்லை. பூங்குழலி மெல்ல, “சரிடா தங்கம்,” என்றாள். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி போனை வைத்தாள்.

கிடா வெட்டுவதற்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறும்வரை காத்திருப்பார்களே, அதுதான் மணிமொழிக்கு நினைவுக்கு வந்தது. உதறிவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். தாங்களும் அவன் சிரிப்பதற்காகத்தான் காத்திருக்கிறோமோ? இந்த ஒரு நாள் அவனுக்கா, தங்கள் மூன்று பேருக்கா? கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே எழுந்து துணி துவைக்கப் போனாள்.

அவனுக்கு எட்டுச் சட்டை வேண்டும் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். எல்லோருடைய துணியும் ஒன்றாகத் துவைக்கப்படும், ஆகவே ஒவ்வொன்றிலும் பெயர் இருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும் என்றார்கள். மணிமொழி தையல் தெரிந்தவள். காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் அவன் பெயரைத் தைத்தாள். பேனா மை நாலு துவைப்பில் போய்விடும். தைத்தது போகாது. போகக் கூடாது என்று அவ்வளவு கவனமாகத் தைக்கும்போதுதான், அவன் அங்கே எத்தனை துவைப்பு இருக்கப்போகிறான் என்பது அவளுக்கு உறைத்தது. ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்தாள்.

அறிவரசன் வந்து அவளுக்கு எதிரில் குந்தினான். அடுக்கி வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

“ஒரு நாளைக்கு எதுக்குக்கா இத்தன சட்ட?”

“தண்ணியில ஆடுவல்ல. நனைஞ்சா மாத்த வேணாமா?”

அவன் தலையை ஆட்டினான். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அவளுடைய சின்னப் பையைப் பார்த்தான். ஒரு புடவை, ஒரு நைலான் பாவாடை, துண்டு. ஜிப் திறந்துதான் இருந்தது.

“நீ நனைய மாட்டியா?” என்று கேட்டான்.

அவள் எட்டிப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவன் எழுந்துபோய் மாட்டுத் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தான். தேங்காய் நார் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. வேனுக்கும் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை மாலை ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, மாரியம்மனுக்கு நாளை செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு என்று ஊரெல்லாம் சொல்லிப்போனார்கள். மணிமொழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழக்கமாக அடுத்த செவ்வாயில்தான் கட்டுவார்கள். இந்த முறை ஒரு வாரம் முன்னால் வைத்துவிட்டார்கள். அரியலூரில் இருக்கும் அண்ணனுக்கும் தெரியவில்லை, துக்க வீடு என்று ஊர்க்கூட்டத்துக்குப் போகாமலே பழகிவிட்ட அவளுக்கும் தெரியவில்லை.

காப்புக் கட்டிவிட்டால் மஞ்சள் நீராட்டு முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அது பொது வழக்கம், அவசரமென்றால் மீறுபவர்களும் உண்டு. கையில் காப்புக் கட்டிக்கொண்டு பால்குடம் எடுப்பவர்களோ ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. அறிவரசனுக்கு வலிப்பு வந்த காலத்தில் அம்மா நேர்ந்துகொண்டது அந்தப் பால்குடம். விவரம் தெரிந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் எடுத்தான். போன வருஷம் அம்மா இறந்த தீட்டு என்பதால் எடுக்கவில்லை. எல்லோரும் மஞ்சள் துணியோடு போனபோது தெருமுனை மின்கம்பத்தருகே தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தான்.

மணிவண்ணன் போனில் படபடத்தான். இல்லத்தில் இந்த வாரத்துக்கு மேல் இடத்தை வைத்திருக்க மாட்டார்கள், வேறு ஆள் காத்திருக்கிறது என்றான். கடைசியில் செவ்வாய் மதியமே வேன் வந்துவிடும், காப்புக் கட்டுவதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், பஸ்ஸில் வரும் பூங்குழலியை வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முன்கூட்டியே கிளம்பிவிட்டால் குற்றமில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

செவ்வாய் மதியம் வேன் வரவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டி நின்று ரோடு அடைத்துக்கொண்டது என்று அண்ணன் சொன்னான். அறிவரசன் புதுச்சட்டை போட்டு, தலை சீவி, பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்தது. கோயில் பக்கம் பறை கேட்டது. மணிமொழி மாட்டை அடுத்த வீட்டு ஜெயலட்சுமியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் இல்லை. புதுச்சட்டை மட்டும் மடித்துப் பையின்மேல் இருந்தது.

எங்கே போயிருப்பான் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவள் ஓடவும் இல்லை. ஓட வேண்டும் என்று அறிவு சொன்னது. கால் நடந்தது.

அம்மனுக்குக் காப்புக் கட்டி முடித்து, பூசாரி சாமிதுரை வரிசையாக ஆட்களுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஈர வேட்டியோடு அறிவரசன் வரிசையில் நின்றான். முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முறை வந்ததும் வலதுகையை நீட்டினான். பூசாரி மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை எடுத்தார். பின்னால் நின்ற மணிமொழியைப் பார்த்ததும் கை நின்றது.

“ஊருக்குப் போறிங்கன்னு சொன்னாங்களே தாயி. கட்டிட்டா தாண்ட முடியாது. என்ன, கட்டட்டுமா?”

அறிவரசன் திரும்பி அவளைப் பார்த்தான். கெஞ்சவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு அளவு சொல்லும்வரை நிற்பானே, அதுபோல நின்றான். அவள் கைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். திருமானூரைத் தாண்டியிருப்பான். பெரம்பலூருக்கு வரப்போகும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பது கண்முன் வந்தது. அந்த ஓர் அறை வந்தது. அங்கே பாய் விரிக்க இப்போதும் இடம் இல்லை.

“கட்டுங்க,” என்றாள்.

வேன் வந்து வாசலில் நின்றபோது விளக்கு வைத்திருந்தார்கள். மணிவண்ணன் தம்பியின் மணிக்கட்டைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“இப்ப என்ன கெடச்சிது ஒனக்கு? பதினஞ்சு நாளு,” என்றான். “அதுக்கப்புறம் எடம் இல்லம்பான். திரும்ப நான் எங்க போயித் தேடுவேன், சொல்லு.”

தம்பியைக் காப்பாற்றிவிட்டதாக அவள் நினைக்கவில்லை. அம்மாவின் நேர்த்திக்கடன் என்று சொல்லித் தப்பிக்கலாம், அதுவும் முழு உண்மை இல்லை. வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போய், அவன் இல்லாமல் அதே இருக்கையில் திரும்பி வர இன்று தைரியம் இல்லை. அவ்வளவுதான். நாளைக்கு வருமா என்றும் தெரியவில்லை. மணிவண்ணன் உள்ளே வராமலே, பூங்குழலிக்குப் போன் செய்துகொண்டே வேனில் ஏறிப் போனான்.

அறிவரசன் பைகளை உள்ளே தூக்கி வந்தான். காப்பு பையில் உரசிவிடாமல் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். தன் பையைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்தான். ஒரு சட்டையின் காலரைப் புரட்டி, சிவப்பு எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினான். அவனுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அது.

“அக்கா,” என்றான். “காப்பு அவுத்தப்புறம் நானே இதெல்லாம் எடுத்து வச்சுக்குறேன். நீ தைக்க வேணாம். எல்லாத்துலயும் பேரு இருக்கு.”

அவன் கடைசிச் சட்டையையும் வைத்துப் பெட்டியை மூடினான்.

“ஒன் துணியில எதுலயும் பேரு இல்ல,” என்றான். “அதான் நீ மட்டும் திரும்பி வந்துருவ.”

பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.