சாவு ஒத்திகை

என் கணவர் சாவதில் கெட்டிக்காரர். டப்பிங் கலைஞர். படத்தில் யார் குத்துப்பட்டாலும், நீரில் மூழ்கினாலும், மூச்சுத் திணறலுக்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒத்திகை மட்டும் வீட்டில். நான் குக்கர் வைக்கும்போது கூடத்தில் ஒருவர் செத்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் தலையை நீட்டி, "எப்படி?" என்பார். "சுமார்" என்பேன். பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும்.

அன்று காலை தொண்டை லேசாகக் கரகரப்பதாகச் சொன்னார். காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சோபாவில் சாய்ந்து, "நெஞ்சு... குத்துது" என்றார்.

"நாளைக்குத்தானே ரெக்கார்டிங்? இப்பவே ஏன் உயிரை வாங்குறீங்க?"

குட்டிக் குட்டியாக மூச்சு விட்டார். வழக்கமாகப் பக்கத்து வீடு வரை கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை.

"மைக்குக்கே கேக்காது. கொஞ்சம் சத்தமா சாவுங்க."

நாலு சட்டை மடித்துவிட்டேன். "எப்படி?" வரவில்லை. திரும்பிப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது. கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். "வலது நுரையீரல்ல ஓட்டை விழுந்து சுருங்கிப்போச்சு. எங்கயாவது விழுந்தாரா?"

"இல்ல."

"சிகரெட்?"

"கிட்டவே போக மாட்டார். கத்திக் கத்திச் செத்ததாலயா டாக்டர்?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விலாவில் குழாய் செருகி, உள்ளே கசிந்திருந்த காற்றை வெளியேற்றினார்கள். மூக்கில் எடுத்த பரிசோதனையில் சளி வைரஸ் தொற்று என்று வந்தது.

"அதுதான் காரணமா இருக்கணும். இருமல்கூட இல்லாம நேரா இப்படி வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். சளி பிடிக்கவைக்கும் கிருமி மூக்கை விட்டுவிட்டு நுரையீரலில் ஓட்டை போடுமா? தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மதியம் அவருக்குத் திடீரென்று மூச்சு இழுத்தது. கண் மூடியிருந்தது. நிஜமா, நடிப்பா? இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய காதுக்குத் தெரியவில்லை. பயத்தில் மணியை அழுத்தினேன். நர்ஸ் ஓடிவந்தார். மூச்சு ஒரு கேவலோடு நின்றது.

ஒரு கண் மட்டும் திறந்தது. "எப்படி?"

நர்ஸ் திட்ட ஆரம்பித்தார். குழாய் இல்லாத பக்கத்துத் தோளில் நானும் ஒன்று வைத்தேன்.

"பிரமாதம்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னொரு தடவை 'எப்படி?'ன்னு கேளுங்க."