படியேறிய முடி

1974 ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், கருங்காலிமேடு ஊராட்சியின் துப்புரவு ஆட்கள் நால்வருக்கும் தலைமுடி மொத்தமாகக் கழன்று, திருத்தணி மலைப்படிகளில் நாளுக்கொரு படியாக ஏறத் தொடங்கியது. அதற்குப் பத்து நாள் முன்பு ஊர் முனையில் அணு உலைக் கழிவு ஏற்றிய லாரி கவிழ்ந்தது. கையுறை போட்டவர்கள் வந்து பீப்பாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்ணை ஊராட்சியின் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஊராட்சித் தலைவர் சடகோபன் குடை பிடித்து நூறு கஜம் தள்ளி நின்று வேலை வாங்க, நால்வரும் வெறுங்கையால் வாரிச் சாக்கில் கட்டினார்கள். முடி போனதும், முருகன் தானே மொட்டை எடுத்துக்கொண்டான் என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஊராட்சிக்கு வெல்லமாக இனித்தது. நாலு மொட்டைக்கும் சந்தனம் பூசி, மண் சுத்தமாகிவிட்டதென்று தண்டோரா போட்டார்கள்.

அவர்களில் ஒருவனான தேசப்பனின் மனைவி ரஞ்சிதம் இதை நம்பவில்லை. லாரி கவிழ்ந்த பிறகு தலைவர் அந்த ஊர்முனைத் தெருவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காததை அவள் பார்த்திருந்தாள். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு கேட்டு அவரிடமே போனாள்.

"சாமி எடுத்துகினதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கும்மா?" என்றார் சடகோபன்.

"நாங்க யாரும் வேண்டிக்கலீங்க. நீங்களும் அங்கதான நின்னுகினு இருந்தீங்க? உங்க முடிய மட்டும் சாமி வேணாம்னுட்டாரா?"

சீட்டு கொடுத்தால் மண் சுத்தமில்லை என்று ஆகிவிடும். கொடுக்கவில்லை.

நால்வரில் ஜம்புலிங்கம் எதிலும் அவசரக்காரன். அவன் முடியும் மூன்று மூன்று படியாகத் தாவி கார்த்திகையிலேயே உச்சிக்குப் போனது. அன்று மத்தியானம் அவன் செத்தான். காய்ச்சல் என்று ஊராட்சி எழுதியது. ரஞ்சிதம் அழுதுகொண்டே மலைக்கு ஓடி, தேசப்பனின் முடியை எடுத்து ஒரு படி கீழே வைத்தாள். மற்ற இருவர் வீட்டிலும் சொல்லிப் பார்த்தாள். சாமி சொத்தில் கை வைக்கப் பயந்தார்கள். அடுத்த ஆடியில் அந்த முடிகளும் முந்நூற்றறுபத்தைந்தாம் படியை எட்டின. இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள்.

அதன்பின் தினமும் காலையில் முடியை ஒரு படி இறக்கிவிட்டுத்தான் ரஞ்சிதம் கூலிக்குப் போவாள். காவடி எடுப்பவர்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கி ஏறப் பழகிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் ஆண்டு ஒருநாள் அவளே காய்ச்சலில் படுத்துவிட, தேசப்பன் மூச்சு வாங்கப் போய்வந்தான்.

"நெஜமா எறக்கி வச்சியாய்யா?"

"ஆங், வச்சேன்."

மறுநாள் காய்ச்சலோடு போய்ப் பார்த்தாள். இருக்கவேண்டிய படியில்தான் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு அவள் இரண்டு படி இறக்கி வைத்தாள்.