தாட்சாயணியின் ஆராய்ச்சியைத் தின்றவர்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சித்தூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், "எங்க அத்தையோட ஆராய்ச்சிய துன்னுட்டாங்க சார்" என்றார். எப்படி என்று நான் கேட்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தோடு பத்து நாளாக மல்லுக்கட்டுகிறேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த 1959ஆம் ஆண்டில், சித்தூர் மாவட்டத்தின்...'

(பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. வேண்டாம். ஆண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது: 'மாநிறமும் நீண்ட பின்னலுமாக தாட்சாயணி...'

(புத்தி போகிற போக்கைப் பாருங்கள். அவள் தாவரவியல் படித்தவள். அது போதும்.)

3

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் தாட்சாயணியும் அவள் நைனா என்று கூப்பிடுகிற தகப்பன் அப்பாவுவும் திருத்தணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்கு வந்து இறங்கினார்கள். சித்தூர் மாம்பழ வியாபாரி நாகபூஷணம் ஒரு டிரஸ்ட்* நடத்தினார். கெட்டிக்காரப் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய அது உதவியது. அன்றைக்கு அதற்கான நேர்முகத் தேர்வு. கிடைக்காவிட்டால் ஏர்பேட்டில் பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். தாட்சாயணிக்கு ஆராய்ச்சிதான் வேண்டும், உயிரே அதில்தான்.

அவர்கள் தோப்பில் ஒரு மாமரத்துப் பழம் பறித்து மூன்று வாரமானாலும் கெடுவதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டாள். சாட்சிக்கு ஆறு பழங்களைக் கூடையில் எடுத்து வந்தாள். ஒவ்வொரு காம்பிலும் பறித்த தேதி எழுதிய சீட்டைக் கட்டியிருந்தாள்.

(இவ்வளவு ஒழுங்கான பெண்ணை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் ஒரு குறை வைத்தேன். பழம் எதற்கு என்று நைனாவிடம் அவள் சொல்லவில்லை.)

* டிரஸ்ட் என் கற்பனை. எல்லைப் பிரிவினை நிஜம்.

4

ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் கூடை காலி.

"பழம் எங்க நைனா?"

"உள்ள குடுத்துட்டேன்மா. பெரியவங்கள பாக்க வந்துக்கினு வெறுங்கைய வீசிக்கினா நிப்பாங்க? நல்லா கீதுன்னு துன்னுக்கினு இருக்காங்க."

சீட்டெல்லாம் மரியாதைக்குக் கட்டியது என்று நினைத்துவிட்டார் அப்பாவு. தாட்சாயணி காலிக் கூடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

5

உள்ளே மூன்று பேர். நாகபூஷணம், தாவரவியல் பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன், டிரஸ்ட் காரியதரிசி வரதராஜன். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டில் இரண்டிரண்டு கொட்டை.

"சாம்பிள் கொண்டாரதா எழுதியிருந்தியே, எங்கம்மா?" என்றார் வரதராஜன்.

"நீங்க துன்னதுதாங்க சார்."

இங்கே அவளை அழவிடலாமா என்று யோசித்தேன். அவள் கேட்கவில்லை. தட்டோரத்தில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள், நோட்டைப் பிரித்தாள்.

"மொதல்ல நான் கேக்கலாங்களா? சார், உங்களுது பறிச்சு இருபத்தியோரு நாளு. புளிச்சுதுங்களா?"

"துளிக்கூட இல்லை. தேனா இருந்தது" என்றார் பேராசிரியர்.

"அழுகின வாசனை?"

"இல்லவே இல்லை."

"உங்களுது பதினாலு நாளுங்க" என்று வரதராஜன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் நாரு இருந்திச்சு."

எழுதிக்கொண்டாள். நாகபூஷணம் வயிறு குலுங்கச் சிரித்தார். "எவுரிகம்மா இன்டர்வியூ? எங்களுக்கா, உனக்கா?"

(எழுதும் எனக்கே இந்த இடத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.)

வரதராஜன் மட்டும் டிரஸ்ட் பத்திரத்தைப் புரட்டினார். "இது சித்தூர் ஜில்லா பசங்களுக்கு. எல்லை பிரிச்சா இந்தப் பொண்ணு ஊரு மெட்ராஸ் பக்கம் போவுது. என் ஓட்டு கிடையாது."

"இன்னிக்கு அவ சித்தூர் ஜில்லாதானே? என் ஓட்டு உண்டு" என்றார் பேராசிரியர்.

மிச்சம் நாகபூஷணம். தாட்சாயணியை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

6

முடிவு அ: நாகபூஷணம் பத்திரத்தைக் கிழித்தெறிந்து, "மாமரத்துக்கு எல்லை தெரியுமா?" என்று கர்ஜி...

(சினிமா.)

முடிவு ஆ: திங்கட்கிழமை ஏர்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய தாட்சாயணி...

(என்னால் முடியவில்லை. இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.)

7

வராந்தாவில் அப்பாவு எழுந்து நின்றார். "தப்பு பண்ணிட்டனாம்மா?"

"இல்ல நைனா. நான் காமிச்சிருந்தா பாத்துட்டு ஓரமா வச்சிருப்பாங்க. நீ துன்ன வச்ச."

"குடுப்பாங்களா?"

"அடுத்த வருசம் இருபத்தஞ்சு நாளு வச்சுப் பாக்கணும் நைனா" என்றாள் தாட்சாயணி. நோட்டில் அதற்கென்று ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, கோடு போட ஆரம்பித்தாள்.

உள்ளே நாகபூஷணம் பேனாவைத் திறந்துவிட்டார். நான் எழுந்துகொள்கிறேன், அவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஒரு பக்கம் பத்திரம், இன்னொரு பக்கம் நீங்கள் சம்மதித்தால் கையெழுத்துப் போடவேண்டிய அவள் விண்ணப்பம். கதவுக்கு வெளியே அவள் கோடு போடுகிற சத்தம் கேட்கிறது.

பெயர்: அ. தாட்சாயணி
ஊர்: இன்றைய தேதிக்கு, சித்தூர் ஜில்லா
கையெழுத்து: ........................